கிண்ணத்துக்கு ஏற்றபடிதான் தங்கமீன் வளருமா?

"தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் தங்கமீன் வளரும், சின்னக் கண்ணாடிக் கிண்ணமே போதும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. சில கடைகளிலும் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். தவறு.

சாதாரணத் தங்கமீன் 20 செ.மீ.க்கு மேல் வளரக்கூடியது. நல்ல பராமரிப்பில் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். கிண்ணத்தில் அது குட்டையாகவே நின்றுபோனால், அது நலக்குறைவு. மீன் வெளியேற்றும் அம்மோனியா என்ற நச்சுக் கழிவு, கிண்ணத்தின் கொஞ்சத் தண்ணீரில் வேகமாகச் சேர்ந்து செவுளைப் புண்ணாக்குகிறது. அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் போதிய அளவு பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். ஆகவே தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்பது பொறுப்பற்ற செயல் என்பேன். தொட்டியின் அளவைக் கேட்காமல் கடைக்காரர் மீன் தரக்கூடாது. எவ்வளவு பெரிதாகும் என்று விசாரிக்காமல் நாமும் வாங்கக்கூடாது. வளர்ந்துவிட்டதே என்று ஏரியில் விடுவதும் தீர்வல்ல, அங்குள்ள உயிரினங்களுக்கு அது கேடு.