அது போட்டோகொப்பிக் கடை வேலை இல்லை

எழுதுவதா விடுவதா என்று மூன்று நாளாக யோசித்தேன். ஆய்வு அமர்வொன்றில் ஒரு மாணவியைக் கேலி செய்த வீடியோத் துண்டைப் பகிர்ந்து சிரிப்புக்குறி போட்டவர்களில் என்னோடு படித்தவர்களும் இருப்பதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

அன்று அமர்வில் இருந்தவர்களுக்குத் தெரியும். கலைப்பீட மாணவி ஒருத்தி எண்ணிம (டிஜிட்டல்) ஆவணங்கள் பற்றிய தன் ஆய்வைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையில் இருந்து ஒருவர் எழும்பினார். “பழைய புத்தகத்தை ஸ்கான் பண்ணிக் கொம்பியூட்டரில போடுறது ஆய்வா பிள்ளை? அது போட்டோகொப்பிக் கடைக்காரன் செய்யிற வேலையல்லோ?” சபை சிரித்தது. அந்தப் பிள்ளை மைக்கைப் பிடித்தபடி நின்றது. நிகழ்வை ஒழுங்கு செய்தவர்களிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சிரித்தவர்களோடுதான் கதைக்க வேண்டியிருக்கிறது.

படம் எடுப்பது வேறு. எடுத்ததைத் தேடி எடுக்கக்கூடியதாக ஆக்குவது வேறு.

அவள் எடுத்துக்கொண்டது கல்வெட்டுகளை. கோயில் சுவரில் இருப்பதை இல்லை, எங்கள் வீடுகளில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் கொடுக்கிற நினைவுப் புத்தகமான கல்வெட்டை. தேவாரம், திருவாசகம், வம்ச வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், முன்பக்கத்தில் இறந்த ஆண்டையும் திதியையும் சொல்கிற ஒரு திதி வெண்பா. படித்துவிட்டு சாமியறைத் தட்டில் வைத்து மறந்துவிடுகிறோம். ஆனால் எந்த ஊர்க்காரர் மலாயாவுக்கு றெயில்வே வேலைக்குப் போனார், எந்தக் குடும்பம் எங்கே சம்பந்தம் செய்தது, எந்தப் பெண் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள், இதெல்லாம் வேறு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

இப்போது அந்தத் திதி வெண்பாவை எடுங்கள். இறந்த ஆண்டு ‘பிரபவ’ என்று இருக்கும். அது 1927ஆ, 1987ஆ? ஸ்கானர் சொல்லாது. அறுபதாண்டுச் சுழற்சி தெரிந்த ஒருவர் அச்சகத்தின் பெயரைப் பார்த்து, பேரப்பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஓலைச்சுவடி இன்னும் கடினம். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, ரகரமும் ‘ா’ என்ற காலும் ஒரே வடிவம். அதை வாசிக்க இலக்கணம் படித்த ஆள் வேண்டும். கலைப்பீடத்தில் இல்லாமல் அந்த ஆள் வேறு எங்கே இருக்கிறார்? சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சிதைந்த ஏடுகளை ஒப்பிட்டு 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதை யாரும் அச்சுக்கூடக்காரன் வேலை என்று சொல்வதில்லையே.

என் கதையையும் சொல்கிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணமே இடம்பெயர, நாங்களும் வெளிக்கிட்டபோது அம்மா இரண்டு பைகளில் உடுப்பும் அரிசியும் எடுத்தா. அம்மப்பாவின் கல்வெட்டு அலுமாரியில் இருந்தது. “நாலைஞ்சு நாளில வந்திடுவம்” என்றா. அடுத்த வருடம் வந்தபோது கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. எங்களிடம் அம்மப்பாவின் படம் அந்தக் கல்வெட்டில் மட்டும்தான் இருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு எண்ணிம நூலகமொன்றில் அவருடைய பெயரை அடித்துப் பார்த்தேன். ஊருக்குப் பத்துப் பேருக்கு உள்ள பெயர், பக்கம் பக்கமாக வந்தது. யாரோ ஒருவர் பொறுமையாக இருந்து ஊர்ப்பெயரையும் அம்மம்மாவின் பெயரையும் பதிந்திருந்தார். அதனால்தான் பிடித்தேன். தொலைபேசியில் அந்தப் படத்தைக் காட்டியபோது அம்மா கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அந்த இரண்டு சொல்லைப் பதிந்த ஆளைத்தான் நீங்கள் அன்று சிரித்தீர்கள்.

“இனி ஏஐ எல்லாம் வாசித்துவிடும், ஏன் மினக்கெடுகிறீர்கள்” என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். பழைய அச்சில் ‘லை’யும் ‘னை’யும் கொம்பு சுழித்து வருகிற பக்கமொன்றைக் கொடுத்துப் பாருங்கள். வாசித்தாலும் சரி பிழை பார்க்க ஒரு ஆள் வேண்டும். காசில்லை என்கிறார்கள். கல்வெட்டைப் படம் எடுக்க ஒரு நல்ல தொலைபேசி போதும், அதற்கு மேல் இதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் ஒரு கேள்வி என்னையும் உறுத்துவது உண்மை. எங்கள் ஆவணங்கள் வெளிநாட்டு நிறுவனங்களின் காசில் எண்ணிமமாகி, வெளிநாட்டுச் சேவையகத்தில் இருந்தால் அவை யாருடையவை? ஒரு குடும்பத்தின் புலம்பலை உலகம் முழுக்கத் திறந்துவிட நமக்கு யார் உரிமை தந்தது? இது நியாயமான பயம். அதற்குத்தான் இங்கேயே படித்த, அந்தக் குடும்பங்களின் வாசலில் போய் நின்று அனுமதி கேட்கக்கூடிய பிள்ளைகள் வேண்டும் என்கிறேன். அப்படிப் போன பிள்ளையைத்தான் சபையில் கூச வைத்தீர்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். ஒவ்வொரு ஜூன் 1ஆம் திகதியும் அந்தப் படத்தைப் போட்டு அழுகிறோம், நானும்தான். அன்று போட்ட சிரிப்புக்குறிக்குக் கீழே ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்தால் அதே ஆட்களின் ஜூன் பதிவு இருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எரிந்ததற்கு அழ முடிகிறது. எரியாமல் மிஞ்சியதை, கறையான் தின்னுமுன் ஒரு பிள்ளை குந்தியிருந்து பதிந்தால் அது கடைக்காரன் வேலையா? 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தைத் திறக்காமல் இன்று எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆய்வேடு எழுதுகிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம். பாவிக்கும்போது ஆய்வு, பதியும்போது கடை வேலையா?

தங்கச்சி, இதை நீ வாசித்தால், உன் அட்டவணையில் அச்சகத்தின் பெயருக்கும் ஒரு நிரல் போடு. ஆண்டு பிடிக்க உதவும்.

மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் 1995க்கு முந்திய கல்வெட்டு இருந்தால், பக்கம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எறிய வேண்டாம். உள்பெட்டியில் சொல்லுங்கள். சைக்கிளில் வந்து உங்கள் விறாந்தையில் இருந்தே படம் எடுத்துவிட்டுப் புத்தகத்தை உங்கள் கையிலேயே தந்துவிட்டுப் போகிறேன்.