ஓசி இட்லி அக்கா எழுதுகிறேன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று எங்கள் வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பிலேயே அந்த ஸ்கிரீன்ஷாட் வந்து விழுந்தது, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் ஏதோ திருடிக்கொண்டு வந்தது மாதிரி ஆகிவிடும். விஷயம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: கல்யாண நாளைக்குப் பெங்களூர் ஓட்டலில் தங்கினபோது, கிரெடிட் கார்டுச் சலுகையில் வரவேண்டிய காலை உணவைக் கேட்டு வாங்கினதைப் பதிவாகப் போட்டிருந்தேன், அதை ஒரு தம்பி படத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டார். தம்பி யார் என்று நான் சொல்லப்போவதில்லை. "பாலக்கோட்டிலிருந்து பெங்களூர் போய் ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஓசி இட்லிக்குச் சண்டை போட்ட அக்கா." நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். நான்கு பேர் சிரிக்கத்தானே செய்வார்கள்.

அது ஓசி இல்லை தம்பி. நான் காசு கட்டியிருக்கிறேன். கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டியிருக்கிறேன், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டியிருக்கிறேன், அறைக்கு வாடகை கட்டியிருக்கிறேன், அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் அதற்கும் 18 சதவீதம். இவ்வளவும் கட்டின பிறகு, இருவருக்குக் காலை உணவு உண்டு என்று அவர்களே எழுதி அனுப்பின மெயிலைக் காட்டி, உண்டா இல்லையா என்று கேட்டேன். இதற்குப் பெயர் சண்டையா?

நடந்தது இவ்வளவுதான். ரிசப்ஷனில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, உங்கள் ரேட்டில் பிரேக்ஃபாஸ்ட் கிடையாது மேடம் என்றார். நான் மெயிலைக் காட்டினேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாரி மேடம், புக்கிங் வேறு வழியாக வந்திருக்கிறது, உங்களுக்கு உண்டு என்றார். முடிந்தது. குரல் உயரவில்லை, யாரும் அழவில்லை. எனக்குக் கன்னடமும் தெரியும் என்பதால் அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் என்னைப் பற்றிச் சொன்னதும் புரிந்தது. அதைக்கூட நான் பதிவில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அது சண்டை.

இன்பாக்ஸில் பாதிப் பேர் திட்டுகிறீர்கள், மீதிப் பேர் எந்த கார்டு அக்கா என்று கேட்கிறீர்கள். சில நேரம் இரண்டும் ஒரே ஆள். சரி, கேட்டவர்களுக்குச் சொல்கிறேன்.

விசா இன்ஃபினிட், சிக்னேச்சர் மாதிரி மேல்தட்டு கார்டுகளுக்கு லக்சுரி ஹோட்டல் கலெக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது. விசாவின் அந்தத் தளம் வழியாக அறை போட்டால் இருவருக்குக் காலை உணவு, 25 டாலருக்குச் சாப்பாட்டு வவுச்சர், வைஃபை, அப்புறம் அறை காலியாக இருந்தால் ஒரு படி மேலான அறை, முடிந்தால் தாமதமாகக் காலி செய்யும் வசதி. அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) பிளாட்டினம் கார்டுக்காரர்களுக்கு இதைவிடப் பெரிது, ஃபைன் ஹோட்டல்ஸ் அண்ட் ரிசார்ட்ஸ் என்பார்கள். அதில் மாலை 4 மணி வரை அறையில் இருப்பது உத்தரவாதம், ஓட்டலில் செலவழிக்க 100 டாலர் கிரெடிட். ஆனால் அந்த கார்டுக்கு இங்கே ஆண்டுக் கட்டணமே அறுபதாயிரத்துக்கு மேல், பாலக்கோட்டுக் கடைகளில் அதை நீட்டினால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஜிபே இருக்கா என்பார்கள். நமக்கு எதற்கு.

இதில் ஏமாறுகிற இடங்களும் உண்டு. வேறு புக்கிங் ஆப்பில் மலிவாகப் போட்டுவிட்டு ஓட்டலில் போய் கார்டைக் காட்டினால் ஒன்றும் கிடைக்காது. அவர்கள் தளத்தில் போட்ட புக்கிங்குக்குத்தான் இந்தச் சலுகை. சில நாள் அங்கே வாடகை, ஓட்டலின் சொந்தத் தளத்தில் உறுப்பினர்களுக்குக் காட்டும் வாடகையைவிடக் கூடுதலாக இருக்கும். அப்படி இருந்தால் காலை உணவு அங்கேயே போய்விட்டது என்று அர்த்தம், கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஓடாதீர்கள். வவுச்சரைத் தங்கியிருக்கும்போதே தீர்க்க வேண்டும், மீதி கையில் வராது. 25 டாலர் என்றால் நம் காசில் இரண்டாயிரத்துக்கு மேல், அந்த மாதிரி ஓட்டலில் இரண்டு காபியும் ஆளுக்கொரு கேக்கும் சாப்பிட்டால் தீர்ந்துவிடும். இன்னொன்று, கார்டு மூலம் மேரியட் ஓட்டல்காரர்களின் கோல்ட் உறுப்பினர் தகுதி கிடைத்துவிட்டது, இனி காலை உணவு இலவசம் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். மேரியட் கோல்டில் அது வராது, அதற்கு மேலே இருக்கிற பிளாட்டினம் தகுதிக்குப் போக வேண்டும். ஹில்டன் ஓட்டல்காரர்களின் கோல்டில் இந்தியாவில் வரும். பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்பி, ரிசப்ஷனில் நின்று அசடு வழியாதீர்கள். பிறகு உங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். கேட்பதுதான் தப்பு என்கிறீர்கள். "கொடுத்தால் வாங்கிக்கோ, போய்க் கேட்கிறது நம் ஊர் மானத்தை வாங்குகிற வேலை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு எங்கள் சொந்தக்காரர் ஒருவரே ஹார்ட்டின் விட்டிருக்கிறார்.

என் அப்பா அப்படித்தான் இருந்தார். கேட்க மாட்டார். தக்காளிக் கூடைகளை மண்டியில் இறக்கிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொள்வார், அவர்கள் போட்டதுதான் எடை, சொன்னதுதான் விலை. கமிஷன் போக, கழிவு என்று இன்னும் கொஞ்சம் பிடிப்பார்கள், அதற்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். பெரிய மனுஷன், வாய் திறக்க மாட்டார் என்று ஊரே மெச்சும். அம்மா போகிற நாளில் கதையே வேறு. தராசு முன்னாலேயே நிற்பார், முள் நிற்கட்டும் அண்ணா என்பார், கழித்த பழத்தைத் தனியாகக் கொட்டிக் காட்டச் சொல்வார். அந்தப் பொம்பளை வந்தால் வம்பு என்று மண்டியில் பேசுவார்கள், ஆனால் அம்மா போகிற நாளில் வீட்டுக்கு வருகிற காசு கூடுதலாக இருக்கும். அந்த வித்தியாசத்தில்தான் எனக்கு நோட்டுப் புத்தகம் வந்தது. மானம் மானம் என்கிறீர்களே, அப்பாவின் மானத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டுக்காரரும் அப்பா ரகம்தான். ரிசப்ஷனில் நான் மெயிலைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் மேலே தொங்கிய சர விளக்கை எண்ணிக்கொண்டிருந்தார். விடு, பில்லில் போட்டால் போடட்டும், கட்டிவிடலாம் என்றார். ஏன் கட்ட வேண்டும்? ஒரு தடவை கட்டினதை ஏன் இன்னொரு தடவை கட்ட வேண்டும்? எங்கள் சொட்டுநீர்ப் பாசனக் கடையில் ஒருவர் ஃபில்டர், வால்வு, டிரிப்பர் எல்லாம் சேர்த்துக் காசு கட்டிவிட்டு, வால்வு வரவில்லையே என்று கேட்டால், ஓசி வால்வுக்கு அலைகிறான் பார் என்று சொல்வோமா? எடுத்துக் கொடுப்போம், மறந்துவிட்டது அண்ணா என்போம்.

உடனே சொல்வீர்கள், கார்டே கடன் பொறி, அதில் இழுத்துவிடுகிறாய் ஊரை என்று. கடன் பொறிதான், யார் இல்லை என்றது. சாதாரணமாக மாதம் 3.5 சதவீதம் வட்டி, ஒரு லட்சம் பாக்கி வைத்தால் மாதம் 3,500 ரூபாய், அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி 630. மினிமம் டியூ, அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்கிற தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் ஜென்மத்துக்கும் வெளியே வர முடியாது, அவர்கள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள், ஐந்து நட்சத்திர இட்லி உங்களுக்கு வேண்டாம். நாங்கள் பைப் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணத்தை கார்டில் கட்டுகிறோம், 45 நாளுக்குள் முழுதாக அடைத்துவிடுகிறோம். எப்படியும் போகிற காசு. அது போகும்போது ஏதோ திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

இன்னொருவர் கொஞ்சம் படித்தவர் போல. மினிமம் டியூ கட்டுகிற ஏழையின் வட்டியிலும் சின்னக் கடைக்காரரிடம் பிடிக்கிற ஸ்வைப் கட்டணத்திலும்தான் உனக்கு இந்தச் சலுகை வருகிறது என்று நீளமாக எழுதியிருந்தார். இருக்கலாம். என் கடையிலும் ஸ்வைப் மிஷின் இருக்கிறது, கிரெடிட் கார்டு தேய்த்தால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் போல என்னிடமும் பிடிக்கிறார்கள், நான் யாரிடம் போய் அழுவது? நான் சலுகையை விட்டுவிட்டால் அந்த ஏழையின் வட்டி குறைந்துவிடுமா? சரி, அவர் மரியாதையாகத்தான் எழுதினார், அதனால் இத்தோடு விடுகிறேன்.

"ஒகேனக்கல் பக்கத்திலேயே இருக்கிறது, மீன் சாப்பிட்டுவிட்டு வரலாமே, பெங்களூர் எதற்கு" என்று கேட்ட அண்ணனுக்கு: ஒகேனக்கலுக்கும் போகிறோம் அண்ணா. கல்யாண நாளைக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டு அருவியில் நிற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

எனக்கு ஆறாதது வேறு. நம் கடைத் தெருவில் கம்பெனி டார்கெட் முடித்து பாங்காக் போய் வராத ஆண் வியாபாரி எத்தனை பேர்? விதைக் கடை, உரக் கடை, பைப் கடை, டயர் கடை, எல்லோரும் போகிறார்கள். டிக்கெட், ஓட்டல், சாப்பாடு, மற்றதெல்லாம் கம்பெனிச் செலவு. ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு கடற்கரையில் நிற்கிற படத்துக்கு வாழ்த்துகள் அண்ணே, வளர்க அண்ணே என்று நாம் எல்லோரும் எழுதுகிறோம், நானும்தான் எழுதியிருக்கிறேன். அது திறமை. டார்கெட்டில் பத்து ரூபாய் குறைந்தால் ஏரியா மேனேஜருக்குப் பத்து தடவை போன் போடுகிறார்களே, அது வியாபார சாமர்த்தியம். அதே மாதிரி கணக்கை ஒரு பொம்பளை ரிசப்ஷனில் நின்று கேட்டால் அலைச்சல், ஓசி, ஊர் மானம்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்த தம்பியின் பக்கத்தை நேற்று ராத்திரி பொறுமையாகப் பார்த்தேன். ஏர்போர்ட் லௌஞ்சில் உட்கார்ந்து போட்ட படங்கள் நிறைய இருக்கின்றன. கார்டைத் தேய்த்தால் இரண்டு ரூபாய் பிடித்துக்கொண்டு உள்ளே விடுகிற அதே லௌஞ்ச்தான். தட்டில் பிரியாணி, பக்கத்தில் குலாப் ஜாமூன், அதற்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு. நல்லா சாப்பிடுங்கள் தம்பி, அது உங்கள் கார்டு, நீங்கள் கட்டின காசு, உங்கள் உரிமை. நான் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. உங்களுக்கு உரிமையாக இருப்பது எனக்கு மட்டும் எப்படிப் பிச்சையாகிறது என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் பெங்களூரிலேயே இருக்கிறீர்கள், நான் பாலக்கோட்டில் இருந்து வருகிறேன் என்பதாலா? உங்கள் அப்பாவும் எங்கள் கடையில்தான் தோட்டத்துக்கு லேட்டரல் குழாய் வாங்கினார், மறந்துபோயிருக்கும்.

மேல்தட்டு ஓட்டலுக்குப் போனால் நம் ஆட்கள் பாதி நேரம் பயந்தே செலவழிக்கிறோம். தண்ணீர் பாட்டிலைத் தொடலாமா, இது பில்லில் வருமா, அந்த டிரேயில் இருப்பது சும்மாவா, கேட்டால் என்ன நினைப்பார்கள். பணம் கட்டியும் விருந்தாளி மாதிரி இருக்க வரவில்லை, வேலைக்கு வந்த மாதிரி ஓரமாக நிற்கிறோம். பெட்டி தூக்கி வந்த பையன் பென்னாகரம் பக்கம். நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, நம்ம ஊரா அக்கா என்றான், கீழே கேட்டீங்களே அக்கா, நல்லாக் கேட்டீங்க என்றான். அவன் ஒருவன்தான் இதுவரைக்கும் அப்படிச் சொல்லியிருக்கிறான்.

என்னை இன்னும் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கடையில் தினமும் இருபது பேரிடம் பேரம் பேசுகிறவள், எனக்குப் பழக்கம். ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிற படத்தில் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருப்பது எங்கள் வீட்டுக்காரர். அவர் எதையும் கேட்கவில்லை, கேட்காதே என்று சொன்ன மனுஷன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், என்ன அண்ணே இன்றைக்கு டீயும் கார்டுல ஃப்ரீயா என்று ஒருவன் கேட்டானாம். சிரித்துக்கொண்டே வந்து சொன்னார், ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை, பையனை அனுப்பி பார்சல் வாங்கி வரச் சொல்கிறார். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் தம்பி. எழுத்து இருக்கட்டும், படத்தை மட்டும். வியாபாரிகள் குரூப் அட்மின் அண்ணனும் அங்கே அதை அழித்துவிட்டால் நல்லது, நேற்றே கேட்டேன், நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை.

கார்டு பற்றிக் கேட்பவர்கள் நாளைக்கு மேல் கேளுங்கள், இன்றைக்கு லோடு வருகிறது.