மாத்திரை போட்டாச்சு, டீ குடிக்கலாமா?

நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை எழுதிக்கொண்டே டாக்டர் கேட்டார், "ஒரு நாளைக்கு எத்தனை டீ?" மூணு என்றேன். பக்கத்தில் இருந்த மகள், "அம்மா, ஆறு" என்றாள். அவர் மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "டீயை நிறுத்திடுங்க" என்றார். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டீயை நிறுத்துங்கள் என்று சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. எப்போது குடிக்கிறீர்கள், மாத்திரையை எதோடு போடுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். ஏனென்றால் நான் நிறுத்தவும் இல்லை, மாத்திரையை ஒழுங்காகப் போடவும் இல்லை. காலையில் பல் தேய்த்ததும் டீ. பாதி டம்ளர் உள்ளே போன பிறகு மாத்திரை ஞாபகம் வரும். அட்டையைப் பிதுக்கி, மிச்சமிருக்கும் டீயிலேயே விழுங்கிவிடுவேன். ஒரு வேலையாக முடிந்ததே என்று அதில் திருப்தி வேறு.

இரண்டு வாரம் கழித்தும் எரிச்சல் அரைகுறையாகத்தான் குறைந்திருந்தது. ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களித்தது. மாத்திரையே சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

சரியில்லாதது என் வரிசைதான். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ரேபிப்ரசோல் என்று நாம் "கேஸ் மாத்திரை" என்று பொதுவாகச் சொல்லும் வகை எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பைச் சுவரில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. வயிறு காலியாக இருக்கும்போது அவற்றில் பெரும்பாலானவை சும்மா கிடக்கும். உள்ளே சாப்பாடு வந்ததும் எழுந்து வேலை செய்யும். இந்த மருந்து, வேலை செய்துகொண்டிருக்கிற பம்பைத்தான் பிடித்து அடைக்கும். ரத்தத்தில் அது சுற்றிவருவது சில மணி நேரம்தான். ஆனால் ஒரு தடவை அடைத்துவிட்டால் ஒரு நாள் பூராவும் தாங்கும். அதனால்தான் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போடச் சொல்கிறார்கள். பம்புகள் எழும்போது மருந்து வாசலில் தயாராக நிற்க வேண்டும். அப்படியும் முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். மாத்திரை மேல் இருக்கும் பூச்சு, அது வயிற்றைத் தாண்டிக் குடலில் போய்க் கரைவதற்காக. கடிக்கவோ பொடி செய்யவோ கூடாது.

டீ குடித்தால் மருந்து முறிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம், அப்படி இல்லை. ஆனால் பாலும் சர்க்கரையும் போட்ட டீ வயிற்றின் கணக்கில் சாப்பாடுதான். பால் உள்ளே போகும்போது இதமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் அதுவே அமிலச் சுரப்பைத் தூண்டிவிடும். நான் முதலில் பம்புகளை எழுப்பிவிட்டு, அப்புறம் காவல்காரனை அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், கதவைச் சாத்தாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அது தளர்ந்தால் வயிற்றில் இருப்பது மேலே ஏறும். டீயிலுள்ள காஃபின் பலருக்கு அந்த வளையத்தைத் தளர்த்திவிடுகிறது. அதனால்தான் எரிச்சல் குறைந்தும் எதுக்களிப்பு நிற்கவில்லை. மாத்திரை போட்டாச்சே, இன்னொரு டீ குடித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

டீ எல்லோருக்கும் ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 48,000-க்கும் மேற்பட்ட பெண் செவிலியர்களிடம் நடந்த ஆய்வில், ஒரு நாளைக்கு ஆறு கப்புக்கு மேல் காபியோ டீயோ குடித்தவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் இருந்தது. ஆறு என்று படித்ததும் மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒன்றிரண்டு டீயில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் நிறையப் பேர். நமக்கு எப்படி என்பதை இரண்டு வாரம் விட்டுப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பச்சைத் தேயிலைக்கு மாறுங்கள் என்றார்கள். வெறும் வயிற்றில் குடித்துக் குமட்டியதுதான் மிச்சம். அதிலும் காஃபின் உண்டு. புதினா டீ என்றார்கள். புதினா அந்த வளையத்தை இன்னும் தளர்த்தக்கூடியது. எலுமிச்சை பிழிந்த டீயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், புளிப்போடு புளிப்பு.

இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்துப் போடுபவர்கள் இதைக் கவனியுங்கள். டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வயிற்றில் அமிலம் குறைந்தாலும் இரும்பு சரியாக ஏறாது. கேஸ் மாத்திரையை வருடக்கணக்கில் போட்டால் வைட்டமின் பி12-ம் குறையலாம். ரத்தசோகைக்கு மருந்து சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், டீ டம்ளரையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

சாப்பாடு தொண்டையில் அடைப்பது, மலம் கறுப்பாகப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது இதெல்லாம் இருந்தால் டீயா மாத்திரையா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

இப்போது என் வரிசை இது: எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை. அரை மணி நேரமாவது கழித்துத்தான் சாப்பாடு, அதற்குள் குளியல், வீட்டு வேலை. சாப்பிட்ட பிறகே முதல் டீ, அதுவும் ஆறவிட்டு. பதினோரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்குக் கடைசி. சாப்பாட்டுக்குப் பிறகு ராத்திரி ஒன்பதரைக்குக் குடித்துவிட்டு அப்படியே போய்ப் படுப்பேனே, அதை விட்டதுதான் பெரிய வித்தியாசம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் விடுகிறேன், தலைமாட்டையும் உயர்த்தியிருக்கிறேன். எதுக்களிப்பு நின்று மூன்று வாரம் ஆகிறது.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட வேகமாகத் திரும்பி வரும் என்பதால், அடுத்த மாதத்திலிருந்து மெல்லக் குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை ஒன்பதரை மணிக்கு அடுப்படிப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். நேற்றுப் போனேன், மகள் முன்னாலேயே அங்கே நின்றிருந்தாள்.