காக்க வேண்டியவர்களே கலைத்த கதை

பிரிட்டனில் பழமைவாதக் கட்சியான கன்சர்வேடிவ் கட்சி ஆட்சியிலிருந்த 2010 முதல் 2024 வரையிலான 14 ஆண்டுகளில் பண்பாட்டுத் துறைக்கு 12 அமைச்சர்கள் வந்து போனார்கள். தென்னங்கன்றை நட்டவர் அதன் முதல் பாளையைக் காணுமுன் நான்கு தோட்டக்காரர்கள் மாறிவிடும் கணக்கு இது. பழமைவாதத்தில் பற்றுள்ளவன் என்பதால்தான் எனக்கு இது கூடுதலாக உறுத்துகிறது.

1968 முதல் லண்டன் கொலிசியம் அரங்கில் பாடிவரும் இங்கிலிஷ் நேஷனல் ஓபரா என்ற குழு, எந்த நாட்டு ஓபராவையும் (பாடியே நடிக்கும் இசை நாடகத்தையும்) ஆங்கிலத்திலேயே பாடும் வழக்கமுடையது. அதன் வேர், ஓல்டு விக் அரங்கில் லிலியன் பேலிஸ் உழைக்கும் மக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் நடத்திய நிகழ்ச்சிகளில் இருக்கிறது. அந்த அரங்கையே, அவருடைய தாயுடன் பிறந்த எம்மா கான்ஸ், மதுவாடை இல்லாத பொழுதுபோக்குக் கூடமாக நடத்திவந்தார். தனிமனிதரின் பக்தியும் பிடிவாதமும் காலப்போக்கில் ஒரு நிறுவனமாக முதிர்வதைத்தானே பழமைவாதிகள் போற்றுகிறோம்?

கொலிசியத்தின் உச்சி மாடத்தில், முன்னிருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தால் பாடகர்களின் முகத்தைவிட உச்சந்தலைதான் நன்றாகத் தெரியும். ஆனால் சேர்ந்திசைக் குழு முழுவதும் ஒரே கணத்தில் மூச்சிழுத்து ஒரே சொல்லில் இறங்கும்போது, பல்லாண்டுகள் கூடிப் பாடியவர்களுக்கே கைவரும் இசைவு அது என்பது அங்கிருந்தும் புரியும். அந்த இசைவை ஆளெடுப்பு விளம்பரம் கொடுத்து வாங்க முடியாது.

இக்குழுவுக்கு ஆண்டுதோறும் கிடைத்துவந்த சுமார் 1.26 கோடி பவுண்ட் மானியம் ஏப்ரல் முதல் கிடையாது என்றும், லண்டனை விட்டு வெளியேறினால் மூன்றாண்டுகளுக்கு 1.7 கோடி தரலாம் என்றும் 2022 நவம்பரில், அரசுப் பணத்தைக் கலைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஆர்ட்ஸ் கவுன்சில் அறிவித்தது. லண்டனுக்கு வெளியே பணம் போகட்டும் என்ற அமைச்சரின் உத்தரவே இதன் மூலம். கண்டனம் எழுந்ததும் ஓராண்டுக்கு மட்டும் பணம் கொடுத்துத் தள்ளிப்போட்டார்கள். அடுத்த அக்டோபரில், இசைக்கலைஞர் பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்தை ஏற்க மறுத்து இசை இயக்குநர் மார்ட்டின் பிராபின்ஸ் பதவி விலகினார்.

தலைநகரே எல்லாவற்றையும் விழுங்குகிறது என்ற வட இங்கிலாந்துக்காரர்களின் மனக்குறை நியாயமானது. அரசு கைவிட்டால் கலையே செத்துவிடும் என்று புலம்பும் கட்சியிலும் நான் இல்லை. பத்தாண்டு அவகாசம் தந்து, புரவலர்களைத் தேடிக்கொள்ளச் சொல்லிப் படிப்படியாக மானியத்தைக் குறைத்திருந்தால் கைதட்டியிருப்பேன். நவம்பரில் சொல்லி ஏப்ரலில் நிறுத்துவது புரட்சிக்காரர்களின் வேகம்.

அந்த வேகத்தாலாவது வடக்கு பயனடைந்ததா? அதே அறிவிப்பில் மானியத்தில் மூன்றிலொரு பங்கை இழந்த வெல்ஷ் நேஷனல் ஓபரா, லிவர்பூலுக்குப் போவதை நிறுத்திவிட்டது. பாதியை இழந்த கிளைண்ட்போர்ன் ஓபரா நிறுவனம், ஊர் ஊராகச் செல்லும் தன் பயணத்தையே ரத்து செய்தது. இங்கிலிஷ் நேஷனல் ஓபரா 2029க்குள் கிரேட்டர் மான்செஸ்டரைத் தன் முதன்மை இருப்பிடமாக்கிக்கொள்ளவிருக்கிறது. அதற்குள்ளேயே இருக்கும் சால்ஃபர்டுக்கு லீட்ஸ் நகரின் ஓபரா நார்த் குழு பல ஆண்டுகளாக வந்து பாடிக்கொண்டுதான் இருக்கிறது. லிவர்பூல்காரர்கள்தான் ரயிலேற வேண்டும்.