பெரிய துப்பாக்கி எதற்கு?

வேட்டை கேமில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் எல்லாரும் செய்கிற முதல் வேலை, கடையில் இருப்பதிலேயே பெரிய துப்பாக்கியை வாங்குவது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஏன் என்று நீளமாகவே சொல்லப் போகிறேன். துப்பாக்கியிலும் கேமிலும் விருப்பம் இல்லாதவர்கள் இங்கேயே தாண்டிப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் விளையாடுவது 'தி ஹன்டர்: கால் ஆஃப் தி வைல்ட்'. 2017இல் வந்தது. எங்கள் குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் அசல் மழை. வெளியே தலை காட்ட முடியாத அந்த மாதங்களுக்கு, கரண்ட் இருந்தால், இதைவிடப் பொருத்தமான கேம் இல்லை. ஓடி ஓடி ஆளைச் சுடுகிற சமாசாரம் அல்ல. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, குனிந்து நடந்து, தவழ்ந்து, புதருக்குப் பின்னால் படுத்துக் காத்திருந்தால், கடைசியில் மான் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடிவிடும். பல நாள் ஆட்டம் அதோடு முடிந்துவிடும்.

இதில் விலங்குகளை 1 முதல் 9 வரை வகுப்பு பிரித்திருக்கிறார்கள். நரி 2, ரோ மான் என்கிற சின்ன ஐரோப்பிய மான் 3, காட்டுப்பன்றி 5, செம்மான் 6, ஐரோப்பிய பைசன் 9. துப்பாக்கிகளுக்கும் இன்ன வகுப்பிலிருந்து இன்ன வகுப்பு வரை என்று கணக்கு உண்டு. சின்ன மானைப் பெரிய தோட்டாவால் அடித்தால் விழும், ஆனால் மதிப்பெண் போய்விடும். தோட்டா எந்த உறுப்பில் பட்டது, எத்தனை முறை சுட்டாய், விலங்கு எவ்வளவு சீக்கிரம் விழுந்தது என்று கேம் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டும். மனசாட்சியின் வேலையைப் பாதி அதுவே செய்துவிடுகிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் என் அண்ணன் மகன் போன் போட்டு, "அத்தை, எதுக்கும் இருக்கட்டும்னு 338 வாங்கிட்டேன்" என்கிறான். ரேஞ்ச்மாஸ்டர் 338 என்பது 7 முதல் 9 வரையிலான வகுப்புக்கான ரைஃபிள். பெயரில் இருக்கும் எண் தோட்டாவின் தடிமனைச் சொல்வது, எண் பெரிதானால் தோட்டா பெரிது. அவன் சுற்றிக்கொண்டிருந்ததோ ரோ மானும் நரியும் திரிகிற ஜெர்மன் காட்டுப் பகுதியில். ஆரம்பத்திலேயே கையில் தருகிற .243 ரைஃபிள் அந்த மானுக்குக் கச்சிதம். "அது சும்மா குடுக்கறதுதானே அத்தை" என்றான். சும்மா கிடைத்தால் மட்டம் என்ற எண்ணம் நம் ரத்தத்தில் ஊறியது, பையனைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

நிஜ உலகில் .243 வின்செஸ்டர் 1955இல் வந்த தோட்டா. மான் வகை வேட்டைக்கென்றே பேர் வாங்கியது. உதை குறைவு. இந்த உதைதான் விஷயமே. பெரிய தோட்டாவைச் சுடுகிறவர் தோளில் வாங்குகிற அடி சாதாரணமானது அல்ல. இரண்டு முறை வாங்கிவிட்டால் மூன்றாவது முறை, ட்ரிகர் அழுந்துவதற்கு முன்பே உடம்பு தானாகச் சுருங்கும், கண் மூடிக்கொள்ளும், குறி போய்விடும். அனுபவம் உள்ளவர்களுக்கும் இது நடக்கும். கேமில் தோள் வலிக்காது, காது அடைக்காது, நாலைந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு மேடேற வேண்டாம். பெரிய துப்பாக்கிக்கு நிஜத்தில் கொடுக்கிற விலை எதுவும் இங்கே இல்லை. அதனால்தான் எல்லாருடைய கையும் அதற்கே போகிறது.

நான் சுடக் கற்றுக்கொண்டது கல்லூரி என்.சி.சி.யில். .22 ரைஃபிள், பாயின்ட் டூ டூ என்றுதான் சொல்வோம். வெலிங்டன் பக்கம் ஒரு ரேஞ்சுக்கு லாரியில் கூட்டிப் போவார்கள். காலை வெயில் ஏறும் வரை மூடுபனியில் டார்கெட்டே தெரியாது, உட்கார்ந்திருப்போம். பிறகு தார்ப்பாயில் குப்புறப் படுத்து, மணல் மூட்டையில் கையை ஊன்றி, ஆளுக்கு ஐந்து தோட்டா. ஒவ்வொன்றாகப் போட்டு போல்ட்டை மூட வேண்டும். சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் புல்லைக் கையால் துழாவிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான், சாப்பாடு அதற்குப் பிறகு.

அங்கே முதலில் கேட்பது நடுவில் அடித்தாயா என்பதை அல்ல. குரூப்பிங். ஐந்து ஓட்டைகளும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்பதுதான் கணக்கு. காகிதத்தின் ஒரு மூலையில் ஐந்தும் ஒட்டிக்கொண்டிருந்தால் பயிற்சி கொடுக்கிற பி.ஐ. ஸ்டாஃப் முகம் மலர்ந்துவிடும். நடுவில் ஒன்று, ஓரத்தில் நாலு என்று சிதறியிருந்தால் அந்த நடு ஓட்டைக்கு ஒரு மரியாதையும் கிடையாது. காரணம் சுலபம். ஒரே இடத்தில் விழுந்தால் குறி பார்க்கிற சைட்டைத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறினால் கோளாறு சுடுகிற ஆளிடம், அதைத் திருக ஸ்க்ரூ கிடையாது. இன்றைக்கும் கேமில் புதிதாக ஒரு துப்பாக்கி எடுத்தால் முதலில் ஒரு மரத்தை ஐந்து முறை சுட்டுப் பார்க்கிறேன். இது கேம் அம்மா, தோட்டா சொன்ன இடத்தில்தான் போகும் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

ஒரு போட்டியில் என் டார்கெட்டில் ஆறு ஓட்டை. நான் சுட்டது ஐந்து. பக்கத்துப் பெண் பதற்றத்தில் ஒரு தோட்டாவை என் காகிதத்தில் இறக்கிவிட்டாள். அவள் காகிதத்தில் நாலுதான். அவள் அழுதுகொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு மேத்யூ எம்மன்ஸ் கதை படித்தபோது அவளைத்தான் நினைத்துக்கொண்டேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டி, மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடுவது. தங்கம் கிட்டத்தட்ட கையில். கடைசிக் குண்டை அந்த அமெரிக்கர் பக்கத்து ஆள் டார்கெட்டில் சுட்டார். பூஜ்யம். எட்டாம் இடம். நாலு வருஷம் கழித்து பெய்ஜிங்கில் அதே போட்டி, மறுபடியும் முன்னிலை, மறுபடியும் கடைசிக் குண்டு. குறி சேர்வதற்கு முன்பே ட்ரிகர் அழுந்திவிட்டது, 4.4. ஒரு குண்டுக்கு உச்சம் 10.9. அதே பெய்ஜிங்கில்தான் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் கடைசிக் குண்டுக்கு முன்பு ஃபின்லாந்துக்காரரோடு சமநிலையில் இருந்து 10.8 அடித்துத் தங்கம் வாங்கினார். ஃபின்லாந்துக்காரர் அடித்தது 9.7. இவர்கள் எல்லார் கையிலும் இருந்தது உலகத்தரமான துப்பாக்கிதான். அந்த ஒரு நொடியில் துப்பாக்கியின் விலை யாரையும் காப்பாற்றவில்லை.

கல்லூரி முடிந்து சில வருஷம் ஏர் ரைஃபிள் சுட்டேன். 10 மீட்டர் தூரம், 4.5 மில்லிமீட்டர் பெல்லட். நடுவில் இருக்கும் பத்து மார்க் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். நீங்கள் இப்போது படிக்கிற வரியின் முடிவில் இருக்கும் முற்றுப்புள்ளி அளவு. பூதக்கண்ணாடி போன்ற ஸ்கோப் கிடையாது, சின்னத் துளை வழியாகத்தான் பார்க்க வேண்டும். இப்போது ஆண், பெண் இருவருக்கும் 60 குண்டு, 1 மணி 15 நிமிடம். எங்கள் காலத்தில் பெண்களுக்கு 40தான், 2018இல்தான் 60 ஆனது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இந்தப் பிரிவில் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போனபோது எங்கள் வீட்டில் டிவி முன்னால் இருந்து நான் எழுந்திருக்கவில்லை.

பயிற்சிக்குக் கோவைக்கு இறங்க வேண்டும். சொந்தத் துப்பாக்கி வாங்க வசதி இல்லை, நல்ல மேட்ச் ரைஃபிள் லட்சங்களில். பொதுத் துப்பாக்கிதான். எனக்கு முன்னால் சுட்டவர் என்னைவிட உயரம் என்றால் தோளில் பதிகிற பட் பிளேட், கன்னம் படிகிற சீக் பீஸ் எல்லாம் அவர் அளவில் நிற்கும். என் அளவுகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஜாக்கெட் பையில் வைத்திருப்பேன். போனதும் முதல் வேலை ஆலன் கீயை எடுத்துத் திருகுவது. கன்னம் அதே இடத்தில் படிய வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். படியவில்லை என்றால் மற்றது எதுவும் சரியாக வராது.

அங்கே கற்றதில் எனக்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான்: இறக்கி வைப்பது. துப்பாக்கியைத் தூக்கி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, குறி வைத்து ஏழெட்டு வினாடிக்குள் குண்டு போகவில்லை என்றால் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் கண் மங்கும், கை ஆடும், ஆனால் மனசு மட்டும் "இதோ வந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சைக் கேட்டுச் சுட்ட குண்டு ஒன்றும் உருப்பட்டதில்லை. நல்ல ஷூட்டரை அவர் சுட்ட குண்டை வைத்துச் சொல்வதைவிட, தூக்கியபின் சுடாமல் இறக்கியதை வைத்துச் சொல்லலாம் என்பது என் கட்சி.

துப்பாக்கித் தேர்வுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இதுதான் சம்பந்தம். 338 கையில் இருந்தால் 300 மீட்டரில் நிற்கும் மானும் "சுடலாம்" கணக்கில் வந்துவிடும். எதையும் விட மனசு வராது. .243 எடுத்துப் போனால் நான் 150 மீட்டருக்குள் போயாக வேண்டும், மான் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும், நடுவில் கிளை இருக்கக் கூடாது. இல்லை என்றால் எழுந்து நடையைக் கட்ட வேண்டியதுதான். அந்த "இல்லை"கள்தான் கேமுக்கே உயிர். அவற்றை அழிக்கிற துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

பாரிஸ் ஒலிம்பிக்கில் சாதாரணக் கண்ணாடியோடு ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கிய துருக்கியின் யூசுப் டிகேச்சை வைத்து, "பார், கருவி எதுவும் வேண்டாம்" என்று மீம் போட்டவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. அவர் கையில் இருந்தது போட்டிக்கென்றே செய்த பிஸ்டல். கையைப் பாக்கெட்டில் விடுவது ஸ்டைல் அல்ல, உடம்பு ஆடாமல் இருக்கப் பிஸ்டல் ஷூட்டர்கள் பலர் செய்வது. கருவி வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. பொருந்துகிற கருவி போதும் என்கிறேன்.

கேமிலும் குறை இருக்கிறது. மூச்சைப் பிடிக்க ஒரு பட்டன் கொடுத்திருக்கிறார்கள், ஓடி வந்தால் இதயத் துடிப்பு ஏறிக் குறி ஆடும், இதெல்லாம் நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் மவுஸுக்கு ட்ரிகர் கனம் கிடையாது. அழுத்திக்கொண்டே போய், எப்போது விடுபடும் என்று தெரியாமல் விடுபடுகிற அந்தச் சுகம் ஒரு கிளிக்கில் வருமா? வராது.

அப்புறம் அடிக்கடி வருகிற கேள்வி: "வீட்டு வாசலில் காட்டெருமை நிற்கிற ஊரில் இருந்துகொண்டு கம்ப்யூட்டரில் மான் சுடுகிறாயே, உறுத்தவில்லையா?" இல்லை. எங்கள் தெருவில் காட்டெருமை வந்தால் நானும் எல்லாரையும் போலக் கேட்டுக்குள் நின்று அது போகும் வரை காத்திருக்கிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளம் போட்டது, அது அப்படியே இருக்கட்டும். இந்த மலையில் சுட்டுத் தீர்த்த காலம் ஒன்று இருந்தது. கடைசியில் சுட்டவர்களே பயந்து 1877இல் சங்கம் வைத்தார்கள், 1879இல் நீலகிரிக்கென்று தனியாக வேட்டைச் சட்டமே வந்தது. அவர்கள் கவலை, நாளைக்குச் சுட எதுவும் மிஞ்சாதே என்பது. இருந்தாலும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதாவது புரிந்தது. 1975இல் வரையாடு பற்றிய முதல் ஆய்வுகளில் ஒன்றை நடத்திய ஈ.ஆர்.சி. டேவிதார் நினைவாகத்தான் அக்டோபர் 7 வரையாடு தினம். தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031 இருந்தது 2025இல் 1,303 ஆகியிருக்கிறது. முக்குருத்தி தேசியப் பூங்காவில் வரையாட்டை நேரில் பார்த்த யாருக்கும் அதைச் சுடத் தோன்றாது என்றுதான் நம்புகிறேன். திரையில் வருகிற மானுக்கு ரத்தம் இல்லை, அதனால் எனக்கு உறுத்தலும் இல்லை. சுருக்குக் கம்பி வைக்கிறவனிடம் போய் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

என் பையில் இப்போது இருப்பது: .243 ஒன்று, செம்மானுக்கு .270 ஒன்று, முயலுக்கும் பறவைக்கும் ஒரு ஷாட்கன். ஸ்கோப்பை மிகக் குறைந்த பெரிதாக்கலில் வைத்திருக்கிறேன். பைசன் பக்கம் போவதே இல்லை. வில் எப்படி என்று கேட்பவர்களுக்கு, எனக்கு அது வராது, வேறு யாரையாவது கேளுங்கள்.