பூப்பறிக்கச் சொல்லவில்லை, ஐயா

கெரில்லாக்களை அடக்கக் கண்டிப்பு பலன் தருமா என்று நேற்றிரவு நடந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்பது தெரியும். 1987 ஒக்ரோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலையில் இந்திய அமைதிப்படையினர் நோயாளிகளையும் ஊழியர்களையும் சுட்டுக் கொன்றதைப் பற்றிக் கேட்டதும், "ஊருக்குள் ஒளிந்து நின்று சுட்டால் இராணுவம் பூப்பறித்துக்கொண்டா இருக்கும்?" என்று அந்த ஓய்வுபெற்ற அதிகாரி சிரித்தார், நெறியாளரும் கூடவே சிரித்தார்.

பூப்பறிக்கச் சொல்லவில்லை, ஐயா. சுட்டவனைத் தேடுங்கள், தெருவைத் தண்டிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம். 1949 ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 33 ஆவது உறுப்புரை கூட்டுத் தண்டனையைத் தடை செய்திருப்பது ஏதோ எங்களுக்கு அளித்த சலுகை அன்று.

"புலிகள் வைத்தியசாலைக்குள் இருந்து சுட்டார்கள்" என்று உடனே பின்னூட்டம் வரும். சுட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முன்கூட்டியே எச்சரித்து, நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும் என்கிறது 19 ஆவது உறுப்புரை. 21 ஆம் திகதி, தீபாவளியன்று, படையினர் உள்ளே புகுந்தார்கள். மறுநாள் காலை, கைகளை உயர்த்தியபடி தாதியரோடு வந்த குழந்தை நல மருத்துவர் சிவபாதசுந்தரம் சுட்டுக் கொல்லப்பட்டார். பதற்றத்தில் நடந்துவிட்டது என்பார்கள். இரவு கழிந்து விடிந்த பிறகும் நீடித்த அந்தப் 'பதற்றத்தை' எந்த இராணுவக் கல்லூரியில் கற்பிக்கிறார்கள்?

அமைதிப்படை வந்த புதிதில் எங்கள் ஒழுங்கை முகப்பில் காவலுக்கு நின்ற ஒரு சிப்பாய்க்கு அம்மம்மா செம்பில் தண்ணீர் கொடுப்பார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. ஆனாலும் தன் மூட்டுவலி வரை அவனிடம் சொல்லிக்கொண்டிருப்பார். ஒக்ரோபருக்குப் பிறகு படலை திறக்கப்படவில்லை. ஒரு நகரத்தில் கெரில்லாவைத் தேடும் படைக்குத் திறந்த படலையை விடப் பெரிய உளவுத்துறை வேறு எது? தெருவைத் தண்டித்தவர்கள் அதைத் தாங்களே அடைத்துக்கொண்டு, பிறகு ஊரே பொய் சொல்கிறது என்று குறைப்பட்டார்கள்.

"ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இறந்தார்களே, அது உயிரில்லையா?" உயிர்தான். அவர்களை அனுப்பியவர்களிடம் கேளுங்கள், எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள்? புலிகள் செய்தவற்றையும் நான் மறக்கவில்லை; அது தனிப் பதிவு, அதற்கும் என்னைத் திட்டுவீர்கள். 1957 இல் சித்திரவதையால் அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸை அடக்கிய பிரான்ஸ், 1962 இல் அல்ஜீரியாவையே விட்டுப் போனது. இங்கே 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசிக் கப்பல் புறப்பட்டது. கண்டிப்பு பலன் தந்ததாம்!

அதே தலைப்பில் அடுத்த விவாதம் வைத்தால், அந்த வைத்தியசாலையில் பிணங்களுக்கிடையே இரவு முழுவதும் அசையாமல் கிடந்து பிழைத்த ஒருவரையும் அழையுங்கள். அவருக்கு எதிரே அமர்ந்து அந்தப் பூப்பறிக்கும் நகைச்சுவையை அந்த அதிகாரி மறுபடியும் சொல்லட்டும்.