மஸ்டரில் ஒன்பது பேர்

திருவாரூர் மாவட்டத்தில் நான் போய்வரும் வழியில் ஒரு அரவை மில் இருக்கிறது. போன வாரம் அதன் கேட் திறந்து கிடந்தது. உள்ளே களத்தைப் பார்த்த சுவரில் மஞ்சள் பெயின்ட் அடித்து, பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: ‘பாதுகாப்பு உங்கள் கையில்’. வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சுவருக்கு எதிரே நிற்பவர்கள் நெல் காயவைக்கிற பெண்களும் மூட்டை தூக்குகிற ஆட்களும்தான். முதலாளி ரூமிலிருந்து பார்த்தால் அந்த எழுத்து தெரியாது.

நான் 2009 முதல் 2014 வரை வேறொரு மில்லில் கணக்கு எழுதியவன். எந்த மில் என்று கேட்காதீர்கள். முதலாளி கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எல்லோருக்கும் வேட்டி சேலை எடுத்துக் கொடுப்பார், பெண் கல்யாணம் என்று போய் நின்றால் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். ஆனால் ‘கவனக்குறைவு’ என்கிற சொல்லோடு எனக்கொரு பழைய கணக்கு இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2012 நினைவிருக்கிறதா? கரன்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத வருஷம். அவித்துக் காயவைத்த நெல் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும். மும்முனை கரன்ட் வந்த நிமிஷத்திலிருந்து போகிற நிமிஷம் வரைக்கும் எத்தனை மூட்டை தள்ள முடியுமோ அத்தனையும் தள்ளியாக வேண்டும். எங்கள் மில் பழைய அமைப்பு. ஒரே மோட்டார், மேலே நீளமாக ஒரு ஷாஃப்ட், அதிலிருந்து உமி நீக்குகிற ஹல்லருக்கும் சல்லடைக்கும் நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டருக்கும் தனித்தனியாகப் பட்டை பெல்ட் இறங்கும். ஒரு பெல்ட் கழன்றாலும் மொத்த மில்லையும் நிறுத்தித்தான் மாட்ட வேண்டும். நிறுத்தி, மாட்டி, மறுபடி ஓடவிட்டு, அரிசி சீராக விழுவதற்குள் கால் மணி நேரம் போய்விடும். அதனால் ஓடுகிற புல்லியிலேயே பெல்ட்டை ஏற்றிவிடுவது எங்கள் வழக்கம். அதற்கென்றே ஒரு அண்ணன் இருந்தார். வலது கையால் பெல்ட்டை லேசாகத் தள்ளிக்கொடுத்துவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வார். பார்க்கவே அழகாக இருக்கும். ‘என்ன கைடா இது’ என்போம்.

ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம் அந்தக் கையில் மூன்று விரல்கள் போயின.

முதலாளி தன் காரிலேயே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து வீட்டுக்கு ஒரு தாளோடு என்னை அனுப்பினார். அந்தத் தாளை எழுதியவன் நான்தான். ‘என்னுடைய கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. மனிதாபிமான அடிப்படையில் ரூ.30,000 பெற்றுக்கொண்டேன். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.’ அண்ணனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த மில்லில் நாள்தோறும் வேலை பார்த்தவர்கள் பதினாறு பேர். மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், நான் எழுதியது ஒன்பது பேர். ஏன் ஒன்பது? கரன்டில் ஓடுகிற இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி அன்றைக்கு அது தொழிற்சாலை. லைசென்ஸ், இன்ஸ்பெக்டர், பதிவேடு எல்லாம் பின்னாலேயே வரும். மூட்டை தூக்குகிறவர்கள் மேஸ்திரி ஆட்கள், களத்துப் பெண்கள் தினக்கூலி, அவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுவே பொய். காண்ட்ராக்டர் மூலமாக வந்தவரும் தொழிலாளிதான் என்று அந்தச் சட்டம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. பெல்ட் ஏற்றுகிற அந்த அண்ணன் பெயரும் மஸ்டரில் கிடையாது.

மில்லை விட்டு வந்த பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். அதில் 22-ஆம் பிரிவு என்னைத் தூங்கவிடவில்லை. ஓடுகிற இயந்திரத்தில் கைவைத்துப் பார்க்க வேண்டியிருந்தால் அதற்கென்று பயிற்சி பெற்ற ஆள்தான் செய்ய வேண்டும், அவர் பெயர் அதற்கான பதிவேட்டில் இருக்க வேண்டும். ஓடும் புல்லியில் பெல்ட்டைத் தொட வேண்டுமானால் பெல்ட்டின் அகலம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அப்புறம், அவர் உடம்போடு ஒட்டிய உடை உடுத்தியிருக்க வேண்டும், அந்த உடையை மில்காரர்தான் வாங்கித் தர வேண்டும். எங்கள் அண்ணன் லுங்கியும் துண்டுமாக நின்ற இடத்துக்கென்றே யாரோ டெல்லியில் உட்கார்ந்து எழுதியது போல இருந்தது.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில் விபத்து என்றாலே ‘கழுத்துல துண்டைப் போட்டுக்கிட்டு மெஷின்கிட்ட போனா வேற என்ன ஆவும்’ என்று ஒருவர் சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் துண்டு அங்கே எப்படி வந்தது? ஹல்லர் ஓடும்போது உமித்தூசி மழைமூட்டம் மாதிரி இறங்கும். இமை மயிரெல்லாம் வெளுத்துப்போகும். தூசியை உறிஞ்ச ஏற்பாடு கிடையாது, மாஸ்க் கிடையாது. மூச்சு விட வேண்டுமே, அதனால் வாயையும் மூக்கையும் சுற்றித் துண்டைக் கட்டினார்கள். தூசிக்கு ஏற்பாடு செய்யாதவர் மீது யாரும் பேச்செடுக்கவில்லை. துண்டு கட்டியவர் கவனம் கெட்டவர் ஆனார்.

தொழிலாளிக்குக் கடமையே இல்லை என்று சொல்லவில்லை. பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் 111-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2025-ல் அமலுக்கு வந்த புதுச் சட்டத் தொகுப்பில் 13-ஆம் பிரிவு, இரண்டும் தெளிவாகவே இருக்கின்றன. தன்னையும் பக்கத்தில் நிற்பவரையும் பார்த்துக்கொள்ள வேண்டும், போட்டிருக்கிற பாதுகாப்பைக் கழற்றக் கூடாது, ஆபத்து கண்ணில் பட்டால் சொல்ல வேண்டும். நைட் ஷிப்டுக்குக் குவார்ட்டர் அடித்துவிட்டு வந்தவனை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எலிவேட்டர் அடைப்பை நோண்டிய பையனை அறையப் போயிருக்கிறேன். இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பேசினால் மில் பக்கமே வராதவன் பேச்சு ஆகிவிடும்.

ஆனால் எது முதலில்? இயந்திரத்தின் ஆபத்தான பாகத்துக்குப் பலமான கூண்டு போட வேண்டியது மில்லை நடத்துகிறவர் கடமை. பழைய சட்டத்தின் 21-ஆம் பிரிவு அது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல், 7ஏ என்று ஒன்றைச் சேர்த்து, வேலையிடத்தில் எல்லோருடைய பாதுகாப்பும் அவர் பொறுப்பு என்று பொதுவாகவும் எழுதிவிட்டார்கள். கூண்டைக் கழற்றாதே என்பது அதற்கப்புறம் வருகிற கடமை. எங்கள் மில்லில் கழற்றுவதற்குக் கூண்டே இல்லை.

நஷ்டஈட்டுக்கு வருகிறேன். கணக்கு எழுதியவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்போது இருந்தது 1923-ல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். நூறு வயது தாண்டிய பிறகுதான், 2025-ல், அதுவும் புதுத் தொகுப்புக்குள் போனது. பவர் ஓடும் மில்லில் அந்தச் சட்டத்துக்குப் பத்துப் பேர், இருபது பேர் கணக்கெல்லாம் கிடையாது. இ.எஸ்.ஐ. இருந்தால் அது வேறு வழி, எங்கள் ஆட்களுக்கு அதுவும் இல்லை. சட்டத்தின் முதல் அட்டவணையில் விரல் விரலாகச் சதவீதம் போட்டிருக்கிறார்கள். பெருவிரல் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. ஒரு கையில் மூன்று விரல் போனால் 30, நான்கு போனால் 50. முதல்முறை படித்தபோது கசாப்புக் கடைப் பலகை மாதிரி இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது, இதுவாவது எழுதி வைத்திருக்கிறார்களே என்று தோன்றியது.

அண்ணனுக்கு அன்று நாற்பது வயது. நஷ்டஈட்டைக் கணக்கிட ஒவ்வொரு வயதுக்கும் சட்டம் ஒரு பெருக்கெண் வைத்திருந்தது, நாற்பதுக்கு 184.17. மாதக் கூலி எட்டாயிரத்துக்கு மேல், ஆனால் அந்த வருஷம் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்ட உச்சவரம்பு ரூ.8,000. அதில் 60 சதவீதம், பெருக்கல் 184.17, அதில் 30 சதவீதம். வருவது ரூ.2,65,204. நான் ரேகை வாங்கியது முப்பதாயிரத்துக்கு. 2020-ல் உச்சவரம்பை ரூ.15,000 ஆக்கினார்கள். அந்தக் கூலி வாங்குகிற நாற்பது வயது ஆளுக்கு இதே மூன்று விரல் போனால் ரூ.4,97,259.

அந்தத் தாள்? செல்லாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது என்று அந்த நஷ்டஈட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொன்னது. விபத்தில் ஆள் இறந்தே போனால் இன்னும் கடுமை. காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டில் கொடுக்கிற பணம் நஷ்டஈடு கொடுத்ததாகவே ஆகாது, நஷ்டஈட்டு வழக்குகளைப் பார்க்கிற அரசு ஆணையரிடம் கட்ட வேண்டும். மூன்று மாதக் கூலி அளவுக்கு முன்பணமாகக் கொடுத்ததை மட்டும் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, காரணமில்லாமல் இழுத்தால் அதற்குமேல் பாதி வரைக்கும் அபராதம்.

தொழிலாளியின் செயலைக் காட்டி நிர்வாகம் தப்பிக்க அந்தச் சட்டத்தில் விதிவிலக்கு இருந்தது. குடித்திருந்தது, வேண்டுமென்றே உத்தரவை மீறியது, வேண்டுமென்றே பாதுகாப்பைக் கழற்றியது. இவ்வளவுதான். சாவோ, ஒரேயடியாக முடங்கிப்போவதோ நேர்ந்தால் இந்த விதிவிலக்கும் கைகொடுக்காது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ‘கவனக்குறைவு’ அதில் இல்லை. நான் அந்தத் தாளில் முதல் வரியாக எழுதிய சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு பைசா மதிப்புக் கிடையாது. வீட்டு வாசலில் மட்டும்தான் அது செல்லுபடியாகும்.

2025 நவம்பர் 21 முதல், தொழிற்சாலைச் சட்டமும் நஷ்டஈட்டுச் சட்டமும் உட்படப் பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றைத் தொகுப்புகளாக்கி அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்லதும் இருக்கிறது. வேலைக்கு எடுக்கும்போது நியமனக் கடிதம் தர வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்கிற எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. கடமை தவறியதால் சாவு நேர்ந்தால் குறைந்தது ஐந்து லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்கக் கோர்ட்டு உத்தரவிடலாம். இவற்றைப் பாராட்டத்தான் வேண்டும். (இன்ஸ்பெக்டருக்கு ‘வசதி செய்து தருபவர்’ என்றும் ஒரு பெயரை ஒட்டியிருக்கிறார்கள். யாருக்கு வசதி என்று நான் கேட்கவில்லை.)

ஆனால் தொழிற்சாலை என்பதற்கான எண்ணிக்கை பத்திலிருந்து இருபதாகிவிட்டது. கரன்ட் இல்லாத இடமென்றால் இருபதிலிருந்து நாற்பது. பத்துப் பேர் இருந்தால் ‘நிறுவனம்’ என்ற அளவில் பொதுவான கடமைகள் இருக்கும் என்கிறார்கள், சரி. தொழிற்சாலைக்கென்று இருந்த கெடுபிடி இருபதுக்குக் கீழே கிடையாது. டெல்டாவில் இருபது பேர் வேலை செய்கிற அரவை மில் எத்தனை இருக்கும், நீங்களே உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள். பதினாறு பேரை ஒன்பது பேராக எழுத நான் அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து பதிவேட்டைத் திருத்தினேன். இன்றைக்கு எனக்கு அந்த வேலையே இருக்காது.

இப்போது உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இங்கேயும் அதே கதைதான். மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போட்டிருக்கும், சிவப்பென்றால் கடும் விஷம். மருந்து அடிக்கிறவருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்று 1971-ஆம் வருஷத்து விதியே இருக்கிறது. அடிக்கிறவருக்கு டேங்குக்கு இவ்வளவு என்று கூலி, கையுறைக்கென்று யாரும் தனியாகக் கொடுப்பதில்லை. ‘காத்துக்கு எதுக்க அடிச்சிருப்பான்’ என்று இங்கேயும் ஒருவர் தயாராக இருக்கிறார். வயலில் மஸ்டரே கிடையாது, அதனால் அங்கே யாரும் எண்ணிக்கையைக் குறைத்து எழுத வேண்டிய தேவைகூட இல்லை.

அந்த அண்ணன் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் எப்படியோ பேச்சு அங்கே போய்விடும். “அன்னைக்கு நான் கொஞ்சம் பாத்திருக்கணும் தம்பி.” பல வருஷமாக இதையே சொல்கிறார். போன மாதம் பொறுக்க முடியாமல் கணக்கைச் சொல்லிவிட்டேன். பெருக்கெண், சதவீதம், எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“ரெண்டு லட்சத்து அறுபத்தஞ்சாயிரமா?”

“ஆமாண்ணே. ரெண்டு வருசத்துக்குள்ள கேட்டிருக்கணும்.”

“நீ ரேகை வாங்க வந்தப்ப ஒனக்கு இது தெரியுமா?”

“தெரியாதுண்ணே. சத்தியமா.”

கொஞ்ச நேரம் மண்டப வாசலில் நின்ற வேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோபமே இல்லாமல் கேட்டார். “ஆபீசரு வர்றாருன்னா எங்களை எல்லாம் பின்பக்கமா வாய்க்கால் கரைக்கு அனுப்புவியே தம்பி. அது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

என்னிடம் பதில் இல்லை. அவரே பேச்சை மாற்றினார். மகன் பக்கத்து ஊர் மில்லில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமாகிறதாம். எலிவேட்டர் பக்கம் நிற்கிறானாம். பெல்ட்டுக்குக் கூண்டு போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.

“அவங்கிட்ட கேட்டா எல்லாம் இருக்கும்பான். நீ ஒருநாள் வந்து பாரேன். ஞாயித்துக்கிழமையும் ஓடுது.”

வருகிற ஞாயிறு போகிறேன்.